கண்ணாடிப் பெட்டியில் இருந்த சாப்பாட்டு டப்பா

அக்கா பத்தொன்பது வருடம் அருங்காட்சியகத்தில் கண்ணாடி துடைத்தாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அவள் கணவர், என் மாமா, ரயில் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். அங்கே வெடித்த குண்டில் போனார். வைத்தவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. இதே ஊரில் படித்து வளர்ந்த மூன்று பேர். வழக்கு முடிய எட்டு வருடம் ஆனது. பிறகு, சொந்த நாட்டுக்காரர்களே வைத்த குண்டுகளின் வரலாற்றுக்கென்று அருங்காட்சியக மாடியில் ஓர் அறை திறந்தார்கள். மூன்றாவது கண்ணாடிப் பெட்டியில் மாமாவின் சாப்பாட்டு டப்பா. ஒரு பக்கம் நசுங்கி, கரி படிந்து, உள்ளே காய்ந்த பருக்கைகளோடு.

"வேற மாடிக்கு மாத்தச் சொல்லேன்" என்றேன்.

"எதுக்கு? தினம் பாத்துட்டாவது வர்றேன்."

பெட்டியின் வெளிப்பக்கம்தான் அவள் பொறுப்பு. உள்ளே தூசி தட்டுவது காப்பாளர். விடுமுறையான திங்கட்கிழமைகளில், கையுறை போட்டுக்கொண்டு. ஒரு திங்கட்கிழமை பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனார். வந்து பார்த்தால் டப்பா இல்லை. கழுவும் தொட்டியில் அக்கா அதைக் கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி முழுக்கப் போய்விட்டிருந்தது.

"என்னக்கா பண்ணிட்டீங்க? அந்தக் கரிதானே சாட்சி."

"சாட்சியெல்லாம் கோர்ட்டுல சொல்லியாச்சு சார். எச்சில் பாத்திரத்தை எத்தனை வருஷம் ஊர் பாக்கும்? அந்த மனுஷன் ஒரு நாளாவது அலசிக் கொண்டுவந்தாரா? திட்டித் திட்டி என் வாய்தான் வலிச்சுது."

பெட்டியைத் திறந்துவிட்டுப் போனது தன் தவறு என்று காப்பாளர் எழுதிக் கொடுத்ததால் அவள் வேலை தப்பியது. ஆனால் அவளைக் கீழ்த்தளப் படிக்கட்டுக்கு மாற்றினார்கள். டப்பா கிடங்குக்குப் போனது. அந்த இடத்தில் அதன் பழைய புகைப்படம். டப்பாவைக் கேட்டு அவளுக்காக மூன்று மனு எழுதினேன். அரசு உடைமை என்று மூன்றுக்கும் ஒரே பதில். நாலாவதற்கு உட்கார்ந்தபோது, "விடு, கை வலிக்கும்" என்றாள்.

அவளை அரித்தது வேறு. "துடைக்கறதுக்குள்ள பிடுங்கிட்டாங்க. ஈரத்தோட மூடி வெச்சிருப்பாங்க. நாறிப் போயிருக்கும்."

"காப்பாளர்கிட்ட கேளேன்."

"என்னால அவருக்கு வந்தது போதும்."

ஆறு வருடம் கேட்கவே இல்லை.

போன வாரம் அக்காவின் அடக்கத்துக்குக் காப்பாளர் வந்திருந்தார். டப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னைக்கே துடைச்சிட்டேனே. மூடி தனியா, டப்பா தனியாத்தான் இருக்கு. அக்காகிட்ட சொல்லணும்னு தோணலை."

பரவாயில்லை என்றேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.