நாத்தனார் இல்லாத வீட்டுப் பூ

வருடம் எழுபத்தேழா எழுபத்தெட்டா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் வழக்கு உண்டு. வைகாசி மாத வெள்ளிக்கிழமை என்பதில் இல்லை. அன்றுதான் என் சித்தியைப் பெண் பார்க்க அரியலூரிலிருந்து ஆண்டிமடத்துக்கு வந்தார்கள். முன்பு வந்தவர்கள் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் தங்கைக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா பயந்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையோடு அவருடைய தாய்மாமன் மகளும் வந்திருந்தாள். காலேஜில் படிப்பவள். மின்விசிறி இல்லாததில் தொடங்கி ஒவ்வொன்றிலும் குறை கண்டாள். காபி கொண்டுவந்த சித்தியின் விரல்களைப் பார்த்தாள். முந்திரிக்கொட்டை உடைத்தால் அதன் பால் பட்டு விரல் கறுக்கும், தோல் உரியும். எங்கள் ஊரில் அதை யாரும் கவனிப்பதே இல்லை.

"இதென்னங்க, மருதாணி இவ்ளோ கறுப்பா புடிச்சிருக்கு?" என்றாள். பிறகு மாப்பிள்ளையிடம், "அத்தான், டம்ளரப் பாத்துக் குடிங்க. தோலு கீலு கெடக்கப் போவுது."

கூடத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவர்கூட அவளை அதட்டவில்லை. எங்கள் வீட்டு ஆண்களே சிரித்து வைத்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சித்தி கையை மறைக்கவில்லை. "கொட்ட ஒடச்ச கைங்க. ஆடிக்குள்ள புதுத் தோலு வந்துரும்," என்றாள்.

மாப்பிள்ளை காபியை முழுவதும் குடித்துவிட்டு, "எனக்குப் புடிச்சிருக்கும்மா," என்று தன் தாயிடம் சொன்னார்.

அன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்று முடிவானது. எங்கள் பக்கம் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டியவள் நாத்தனார். மாப்பிள்ளைக்கோ உடன்பிறந்தவள் இல்லை. அவருடைய அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு மாமன் மகளிடம் பூவை நீட்டினார்.

"நீயே வச்சுவுடும்மா. இனிமே அவனுக்குத் தங்கச்சின்னா நீதான்."

ஆண்கள் மறுபடி சிரித்தார்கள். அவள் எழுந்து வந்து பூவைச் செருகினாள். கொண்டை ஊசி தலையில் குத்தி, சித்தி முகம் சுளித்ததைப் பார்த்தேன்.

அவர்கள் பஸ் ஏறியதும் நான் கொதித்தேன். "வேணும்னே குத்திட்டா, சித்தி."

"இல்லடி. அவ கை நடுங்குச்சு."

"எதுக்கு நடுங்குது?"

"சின்ன வயசுலேருந்து அவளுக்குன்னு சொல்லி வச்ச மாப்பிள்ளையாம்."

"அப்ப எதுக்கு அவ பூ வச்சா? மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதான?"

எனக்கு எட்டு வயது. அத்தனை பேசியவளுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று இரவு படுக்கும்வரை கோபமாகவே இருந்தேன்.