கையிலதான் கோளாறாம்

துறைமுகத்தில் அவளைப் பஞ்சுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் வாசல் காவலாளியே முழிப்பான். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கிக் கீழே நிற்கும் லாரியின் முதுகில் வைப்பது அவள் வேலை. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அவள் வைத்தால் லாரி டிரைவரின் கையிலிருக்கும் டீ அசையாது. மற்றவர்கள் வைத்தால் டீயும் சிந்தும், டிரைவரின் வாயிலிருந்து நல்ல நல்ல வார்த்தைகளும் சிந்தும். பட்டம் கொடுத்தது அந்த டிரைவர்கள்தான்.

அப்படிப்பட்ட கையைப் பார்த்துத்தான் கோளாறு என்றார்கள். ஆத்திரம் வருமா வராதா?

ஆத்திரம் அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்தே கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருந்தது. கிரேன் வேலைக்குப் போகிறேன் என்றபோது, உயரத்தில் தலை சுற்றும் என்று அம்மா பயமுறுத்தினாள். தலை சுற்றத்தான் செய்தது, கீழே நின்று பார்த்த அம்மாவுக்கு. பிறகு அவள் அந்தச் சிவப்பு பைக்கை வாங்கியபோது வீடே இரண்டுபட்டது. நாலு சிலிண்டர், ஆயிரம் சிசி, பந்தயத்தில் ஓட வேண்டிய வண்டி. உனக்கு எதற்கு இது என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். ஓட்டுவதற்கு என்றாள் அவள். அதற்கு மேல் யாருக்கும் கேள்வி எழவில்லை.

கணவன் அதே துறைமுகத்தில் ஸ்டோர் குமாஸ்தா. தங்கமான மனிதன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான். ஆனால் அந்த வாய்க்கு மட்டும் பூட்டே கிடையாது. அவன்தான் கல்யாண நாளுக்குப் பரிசாக வண்டிக்குப் புது சைலன்சர் மாட்டிக் கொடுத்தான். சத்தம் பிரமாதம். சனியன் அங்கேதான் ஆரம்பித்தது.

வேகமாகப் போகும்போது வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடக்கிற வேகத்தில் போனால்தான் தெரியும். சிக்னலிலும் வளைவிலும் நெரிசலிலும் ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் ஒரு நொடி வண்டி செத்துக் கிடக்கும். அடுத்த நொடி உதறிக்கொண்டு பாயும். பெட்ரோல் பங்க் திருப்பத்தில் அப்படிச் செத்தபோதுதான் முதல் தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை துறைமுக வாசலிலேயே விழுந்தாள். ஷிப்ட் விட்டு ஊரே வெளியே வந்துகொண்டிருந்த நேரம் அது. முழங்கால் சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஊர் பார்க்க விழுந்த அவமானம் ஆறவில்லை.

சந்தைக்குப் பின்னால் இருந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் கொண்டுபோய் விட்டாள். மெக்கானிக் கெட்டிக்காரன், நாணயமானவன், கொஞ்சம் தலைக்கனம். புது சைலன்சரில் காற்று தாராளமாகப் போகிறது, அதற்கேற்பப் பெட்ரோல் போதவில்லை என்றான். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு குட்டிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் மாட்டினான். வண்டி பாலாய் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே உதறல். திரும்பக் கொண்டுபோனாள். பார்த்தான், சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் பழைய கதைதான். இப்படியே நாலைந்து தடவை அலைந்தாள்.

கடைசித் தடவை மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலையில் ஒரு விரட்டு விரட்டினான். அந்த ஒர்க்‌ஷாப்பில் சோதனை ஓட்டம் என்றால் அதுதான் பொருள். கண்ணில் நீர் வழிய, வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

“வண்டி வெண்ணெய் மாதிரி போகுதுக்கா. என் கையில நல்லா இருக்கு, உங்க கையில கெட்டுப் போகுது. அப்ப கோளாறு கையிலதான்.”

பக்கத்தில் நின்ற கணவன் தலையாட்டினான்.

அந்தத் தலையாட்டலை அவள் மறக்கவில்லை. பேசினால் பதில் பேசலாம், தலையாட்டலுக்கு என்ன பதில் சொல்வது? அவன் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் துறைமுகக் கேண்டீனில் உட்கார்ந்து, பாவம், அவளுக்குக் கை கொஞ்சம் சரியில்லை போல என்று அக்கறையோடு சொல்லி வைத்தான். அந்தப் பேச்சு மேசைக்கு மேசை தாவி, ஷிப்ட் அதிகாரியின் காதுக்குப் போனபோது கை நடுங்குதாம் என்று ஆகியிருந்தது.

அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மிகவும் மென்மையாகப் பேசினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வண்டியில்தான் கோளாறு சார் என்று சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். கை சரியாகும்வரை லாரி வாசலில் இருங்கள், அதற்குள் சரியாகவில்லை என்றால் கூண்டுக்கு நிரந்தரமாக வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றார். மறுநாளும் போய்ச் சொன்னாள். அதற்கு அடுத்த நாளும் சொன்னாள். சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

அவள் கூண்டில் வேறொருவன் ஏறினான். இவள் வாசலில் நின்று உள்ளே வரும் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக் கை காட்டினாள். மேலே அவன் பெட்டியை இறக்கும்போதெல்லாம் தடால் என்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு தடாலும் அவள் நெஞ்சில்தான் விழுந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கணவன் முன்னால் சத்தமே வராமல் வைத்தாள். அவனுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கோபத்தில் சிலருக்குப் புத்தி மழுங்கும். அவளுக்குக் கூராகும். வாசலில் நின்றபடியே யோசித்தாள். கை கெட்ட கை என்றால் முதல் நாளும் கெட்டதுதானே? ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மட்டும் கெட்டுப் போகிற கை எந்த ஊரில் இருக்கிறது? வண்டி மறுபடி உதறத் தொடங்கிய மறுநாளே லீவு போட்டுவிட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

மெக்கானிக் வழக்கம்போல சீட்டைத் தூக்கி, ஸ்பானரோடு கையை உள்ளே விட்டான். அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன பண்றீங்க தம்பி?”

“பேட்டரி ஒயரைக் கழட்டுறேன்க்கா. எந்த வேலைன்னாலும் முதல்ல அதுதான்.”

“ஒவ்வொரு தடவையும் கழட்டுனீங்களா?”

“ஆமா. கழட்டாம நான் எதையும் தொட மாட்டேன்.”

“கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தீங்களா?”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரையே பார்த்தான்.

ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். புறவழிச் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பக் கூடாது, சந்தைத் தெருவில் மாட்டு வண்டி வேகத்தில்தான் போக வேண்டும் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கிளப்பினான். காய்கறி வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு போய்விட்டது. வெங்காய மண்டித் திருப்பத்தில் வளைத்து, ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினான். வண்டி செத்தது. காலை ஊன்றப் பார்த்தான், ஊன்றுவதற்குள் சாய்ந்துவிட்டது. இரண்டு பேரும் வண்டியோடு வெங்காய மூட்டைகள் மேல் நிதானமாகப் போய் விழுந்தார்கள். மண்டிக்காரர் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் எழுந்து வெங்காயச் சருகைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“உங்க கையில கோளாறா தம்பி?”

அவன் நாணயமானவன் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா, அது அப்போது தெரிந்தது. ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்து யோசித்து, தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். வண்டியின் கம்ப்யூட்டர் புகைக்குழாயில் ஒரு சென்சாரை மூக்கு மாதிரி வைத்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது அந்த மூக்கு மோப்பம் பிடிக்கிறது. இவன் மாட்டிய பெட்டி கூடுதலாக ஊற்றுகிற பெட்ரோலை, அதிகம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. இரண்டு மூன்று நாளில் எல்லாம் பழையபடி. ஆக்சிலேட்டரை முறுக்கி விரட்டும்போது அது மூக்கைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால் புறவழிச் சாலையில் ஒன்றும் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் படித்ததெல்லாம் அதற்கு மறந்து போகும். ஆக, இவன் ஒவ்வொரு தடவையும் நோயை முதலில் துடைத்துவிட்டு, பிறகு நோய் எங்கே என்று தேடியிருக்கிறான்.

அந்த மூக்கை அடைப்பதற்கென்றே பெட்டியோடு ஒரு சின்ன பிளக் வந்திருந்தது. தேவையில்லை என்று அதைத் தூக்கிப் பழைய திருகாணிகள் கிடக்கும் டப்பாவில் போட்டிருந்தான். அவள் முன்னாலேயே கிளறி எடுத்து மாட்டினான். நாலு சிலிண்டருக்கும் காற்று ஒரே அளவில் போகும்படி சரிபார்த்தான். குறைந்த வேகத்துக்கான பெட்ரோலை அவளே வண்டியில் உட்கார்ந்து, இங்கே கூட்டு, இங்கே குறை என்று சொல்லச் சொல்லத் திருத்தினான். மூன்றாம் நாள் வந்தது. போனது. ஒரு வாரமும் போனது. வண்டி உதறவில்லை.

மெக்கானிக்குக் குற்ற உணர்ச்சி. அவளிடம் நம்பர் வாங்கி ஷிப்ட் அதிகாரிக்கு அவனே போன் செய்தான். அதிகாரி அவளைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

“மெக்கானிக் பேசினாரும்மா. வண்டியிலதான் கோளாறாமே. நாளைக்கு நீங்க மேல ஏறிடுங்க.”

அவள் அதே வார்த்தையை, அதே அறையில், அதே மனிதரிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! கூண்டு திரும்பக் கிடைத்ததில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

“நான் சொன்னது என்ன பாஷை சார்?”

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்காமல் வெளியே வந்தாள்.

வாசலில் கணவன் ஹெல்மெட்டும் கையுமாக நின்றான். விஷயம் அவனுக்கு எட்டிவிட்டது போலும், முகம் மலர்ந்திருந்தது. அவள் வண்டியைக் கிளப்பியதும் பின் சீட்டைத் தட்டிக்கொண்டே ஏறட்டுமா என்றான்.

“நடங்க.”

எவ்வளவு கோபம் வந்தாலும் அவனிடம் அவள் மரியாதையைக் குறைப்பதில்லை. மரியாதையோடு திட்டினால்தான் ஆழமாக இறங்கும்.

அவன் நடந்தான். அவள் முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டு, அவன் தோளுக்கு நேராக ஓட்டிக்கொண்டு வந்தாள். அவன் மெதுவாக நடந்தால் வண்டியும் மெதுவாக வந்தது. வேகமாக நடந்து தப்பிக்கப் பார்த்தால் வண்டிக்கும் வேகம் வந்தது. அந்தத் தலையாட்டலில் ஆரம்பித்து, கேண்டீனுக்கு வந்து, பாவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நார் நாராகக் கிழித்தாள். ஷிப்ட் விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும், விழுந்தபோதும் அவர்கள்தானே பார்த்தார்கள்.

“மெக்கானிக்கே சொல்றப்ப நான் என்ன பண்றது?” என்றான் அவன்.

“கல்யாணமான நாள்லேருந்து இந்தக் கை உங்க பக்கத்துலதானே இருக்கு? அவன் எத்தனை நாள் பாத்தான்?”

பெட்ரோல் பங்க் திருப்பம் வந்தது. அவள் முதலில் விழுந்த இடம். அவன் அங்கே நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை. காலைக் கீழே வைக்காமல், அவனை நடுவில் விட்டு, நடக்கிற வேகத்தில் சுற்றி வந்தாள்.

“நான் தலையாட்டியிருக்கக் கூடாது” என்றான், தரையைப் பார்த்து.

“இதை எங்க சொல்லணும்?”

“கேண்டீன்ல.”

“எப்படி?”

“சத்தமா. எல்லாரும் இருக்கறப்ப.”

சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கையில் பின் சீட்டைப் பார்த்தான். வீட்டுக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அவள் சுற்றை முடித்து வண்டியை வீட்டுப் பாதையில் திருப்பினாள்.

“நான் இன்னும் முடிக்கல. நடங்க.”

அவன் நடந்தான். வீடு வரும்வரை வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை.