சிகரெட் இருமல்

மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்ததால் அந்தத் தெருவுக்கு அவர் கண்ணாடிக்காரர். வருகிறவரின் எந்தக் காது மற்றதைவிட அரை நூல் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பிரேமின் கொம்பைச் சூடுகாட்டி வளைத்து, எதிராளியின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தை வைத்து மாட்டிப் பார்ப்பார். அந்த ஒரு சாண்தான் பிறகு வினையாக வந்தது.

இரண்டு மாதமாக இருமல். யாரும் பொருட்படுத்தவில்லை, அவர் உட்பட. நாளைக்குப் பதினைந்து சிகரெட் ஊதுகிறவன் இருமாமல் குயில் மாதிரியா கூவுவான்? "நெஞ்சுக்குள்ள பழைய மோட்டார் ஓடுதுய்யா உனக்கு" என்பார் முதலாளி. எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். சளியில் ரத்தம் வந்த அன்றுதான் மனைவி அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. டிபி. ஆறு மாதம் மாத்திரை, ஒருநாளும் விடக்கூடாது. முதல் சில வாரம் வீட்டில் தள்ளியே இருக்க வேண்டும். அப்புறம் பரிசோதனை செய்து பார்த்து வேலைக்குப் போகலாம். "சிகரெட்டை இன்னையோட தலைமுழுகிடுங்க. ரெண்டையும் சேர்த்து நுரையீரல் தாங்காது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "கடையில என்ன சொல்றது?"

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்காவுக்குச் சின்ன வயதில் இதே நோய். பூரணமாகக் குணமாகிப் புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். அங்கே அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். சாகும்வரை அந்தத் தட்டு மாறவில்லை.

ஆகவே முதலாளியிடம், மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லி லீவு எடுத்தார். மானத்தைக் காப்பாற்ற மூலத்தைத் துணைக்கு அழைத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதைச் சொல்லி மனைவி ஒருமுறை சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இந்த நோய் வந்தவர்கள் படும் அவமானம் பற்றியும், அவர்கள் சிகரெட்டை விடுவது பற்றியும். அதில் வேலை பார்த்த பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மருந்து கொடுக்கும் அறைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்துப் பேசுவாள். புகைக்கத் தோன்றினால் பத்து நிமிஷம் ஒத்திப்போடச் சொன்னாள், தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். மூன்றாவது வாரம் சிகரெட் நின்றேவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடைக்குப் போனார். கிருமி போயிருந்தது, இருமல் போகவில்லை. ஓர் அம்மாளுக்குக் கண்ணாடி மாட்டும்போது இருமிவிட்டார். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"சிகரெட்டைத்தான் விட்டுட்டியே, அப்புறம் என்ன இருமல்?" என்றார் முதலாளி. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "வேற ஏதாவது இருக்கப்போவுதுய்யா. நெஞ்சைப் போய்க் காட்டு. நாலு பேர் வந்து போற இடம்."

அன்று மத்தியானம் அவர் ஒரு சிகரெட் வாங்கி, கடைக்கு எதிரிலேயே நின்று, முதலாளி பார்க்கும்படி பற்றவைத்தார்.

"அதானே பார்த்தேன், நாய் வாலை நிமித்த முடியுமா!" முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு இருமலைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது.

ஆய்வுப் பெண்ணிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "திரும்பப் பிடிக்கிறேம்மா."

"ஏங்க? பழக்கமா, கவலையா, கூட இருக்கறவங்க தூண்டினாங்களா?" அவள் படிவத்தில் இருந்தவை அவ்வளவுதான்.

"சிகரெட் இருமல்னா சிரிக்கிறாங்க. அந்த இருமல்னா விலகிப் போவாங்க."

அவள் பேனாவை எடுத்தாள். எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டாள். "பேரைப் போட்டுடாதம்மா" என்றார் அவர். "போடமாட்டோங்க" என்றாள்.

நாலாம் மாதம் மகள் கைக்குழந்தையோடு வந்தாள். இனி யாருக்கும் தொற்றாது, தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புத்திக்கு அது தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பேத்தியை நீட்டியபோதெல்லாம் சிகரெட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்த மகள் பெட்டியைக் கட்டினாள்.

"பேத்தியைவிட அந்தக் கருமம் பெருசாப்பா? அதை விட்டப்புறம் சொல்லுங்க, அன்னைக்கு வர்றேன்."

ஆறு மாதம் முடிந்தது. நோய் போய்விட்டது என்ற டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "தழும்பு நிறைய விழுந்திருக்கு. இருமல் இருந்துக்கிட்டேதான் இருக்கும். மூச்சும் பழைய மாதிரி வராது. சிகரெட் இல்லாம இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது" என்றார்.

அன்றே சிகரெட்டை விட்டார். அது இல்லாமல் இருமலோடு அந்தக் கடையில் நிற்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். முதலாளி கேட்பதற்கு முன்னால், முட்டிவலி என்று சொல்லி வேலையையும் விட்டார். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாய் நமநமத்தது. ஆனால் தொடவில்லை. நாற்பது நாள் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குப் போன் செய்தார்.

"விட்டுட்டேம்மா. நாப்பது நாளாச்சு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு..." அதற்குள் இருமல் வந்துவிட்டது. அடக்க அடக்கப் பெருகியது.

"யார்கிட்டப்பா கதை விடறீங்க? இந்த இருமலை வெச்சுக்கிட்டு விட்டுட்டேங்கறீங்க!"

அவர் மனைவியைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அது மகளின் மாமியார் வீடுவரை போகும். அங்கே ஒரு தட்டைத் தனியாக எடுத்துவைப்பார்கள், இவருக்கல்ல, அவளுக்கு. மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆமாம்மா" என்றார். "இன்னும் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

மகள் போனை வைத்துவிட்டாள். மனைவி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.