லியான்-சூ அக்காவின் சேவல்

எங்கள் தடுப்பூசி ஆலையில் முட்டை பார்ப்பவள் லியான்-சூ அக்கா. தைவானில் எங்கள் சாங்ஹுவா மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு கண் கிடைக்காது. இருட்டறையில் முட்டையை விளக்கில் காட்டுவாள். உள்ளே கரு அசைந்தால், தடுப்பூசிக்கு வேண்டிய காய்ச்சல் வைரஸை அதில் ஏற்றி வளர்க்க அனுப்புவாள், அசையாவிட்டால் குப்பைக்கு.

“செத்த முட்டையில ஏத்தினா என்னக்கா?” என்று புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டால் போதும், அக்கா தொடங்கிவிடுவாள்.

“வைரஸுக்கு ஏதுடி சொந்த அடுப்பு? கையில ஒரு சமையல் குறிப்பு, மேல ஒரு சட்டை, அவ்வளவுதான். உயிருள்ள செல்லுக்குள்ள நைசா புகுந்து, ‘உன் சமையல நிறுத்து, என்னை மாதிரியே ஆயிரம் பண்ணு’ன்னு உட்காந்துக்கும். அந்த மக்கு செல்லும் பண்ணிப்போடும். ஆயிரமும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடும். செத்த வீட்டுல யாரு சமைப்பா?”

வெளிப்பறவையின் வைரஸ் நம்மோடு வந்து முட்டையில் புகுந்தால் எல்லாம் பாழ். அதனால் ஆலைக்காரர் வீட்டில் பறவை வளர்த்தால் வேலை போய்விடும். புத்தாண்டுதோறும் இந்த விதியை உரக்கப் படிப்பவளும் அக்காதான். அவள் வீட்டு மாடியிலோ ஒரு சேவல்! மருமகன் விருந்துக்குக் கொண்டுவந்தது, அறுக்க மனம் வரவில்லையாம். ஓய்வுக்கு இரண்டே வருஷம் இருக்கும்போது இந்தக் கொழுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை, உடைமாற்றும் அறையில் அவள் காலுறையில் ஓர் இறகு. மேற்பார்வையாளர் காவ் அதைத் தூக்கிப் பிடித்தார்.

“என்னக்கா இது?”

“தலையணை கிழிஞ்சுபோச்சு, தம்பி.”

“சாயங்காலம் வந்து அந்தத் தலையணையப் பாக்கறேன்.”

சொன்னபடி வந்தார். அவர் முன்கதவைத் தட்ட, அக்கா பின்சுவருக்கு மேலாகச் சேவலை என் கையில் திணித்தாள். “வச்சுக்கடி, உனக்குப் புண்ணியமாப் போகும்!”

அடுத்து என் கதவு. நான் பக்கத்து வீட்டில் தள்ளினேன். எங்கள் தெருவில் எல்லாரும் ஆலைக்காரர்கள்தான். அவர் கதவு கதவாகத் தட்டத் தட்ட, சேவல் சுவர் சுவராகத் தாண்டியது. ஐந்து வீட்டிலும் இறகு கிடந்தது, சேவலைத்தான் காணோம்.

ஆறாவது வீடு காவுடையது. கதவைத் திறந்தால், அவர் நாற்காலியில் சேவல். அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். “ஐயோ, என்ன அழகு பாருங்க! இருந்துட்டுப் போகட்டுமே?”

மறுநாள் ஆலை வாசலில் காவ் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“மூணு நாளைக்குள்ள பறவையத் தொட்டவங்க கை தூக்குங்க.”

குளித்துவிட்டு வேலைக்குப் போனால் போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள் அக்கா. காலுறை இறகு அவளை ஆட்டிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று முதலில் அவள்தான் கை தூக்கினாள். பிறகு நாங்கள் நால்வர். கடைசியில், தரையைப் பார்த்தபடி, காவ்.

ஆறு பேரையும் மூன்று நாள் உள்ளே விடவில்லை. சேவல் மருமகனிடமே திரும்பிப் போனது.

“ஒரு சேவலத்தான் அனுப்பினேன், ஒரே சாயங்காலத்துல ஆறு குற்றவாளி ஆயிடுச்சே!” என்றாள் அக்கா.

“வாய மூடுங்கக்கா,” என்றார் காவ்.

வேலையை விட்டு நீக்கும் தாளை அவர் எடுக்கவே இல்லை. எடுத்தால் தன் பெயரையும் எழுத வேண்டுமே!