வெர்னாவின் ஜன்னலில் தொங்கிய சுறா எண்ணெய்

வெர்னா லாம்புக்கு வயது அறுபத்தொன்று. வாய்க்கு மட்டும் இன்னும் வயதே ஆகவில்லை. பெர்முடாவின் கிழக்குக் கோடியில், செயின்ட் டேவிட்ஸில், எங்கள் சந்தின் மூன்றாவது வீடு அவளுடையது. விருந்தினர் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுப்பது பிழைப்பு. கை விரிப்பைப் பிழியும்போதே வாய் அக்கம்பக்கத்தாரைப் பிழிந்துகொண்டிருக்கும்.

அந்த வாயில் அதிகம் மாட்டியவர் பக்கத்து வீட்டு ஓர்மண்ட் ஹேவர்ட். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷர். சுறாவின் ஈரலை வெயிலில் உருக்கி எடுத்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எண்ணெய் தெளிந்திருந்தால் வானம் நல்ல பிள்ளை. பால்போலக் கலங்கினால் சூறாவளி வருகிறது. வெர்னாவைத் தவிரச் சந்தில் யாரும் ரேடியோவை நம்புவதில்லை, பாட்டிலைத்தான் நம்புவார்கள். அவரும் தினம் காலையில் நாடி பார்க்கிற வைத்தியர் தோரணையில் அதன் எதிரே நிற்பார்.

"யோவ் ஓர்மண்ட், செத்த மீன் இன்னைக்கு என்ன ஜோசியம் சொல்லுது?"

"சிரிம்மா, நல்லா சிரி. உன் ரேடியோக்காரன் குடை எடுத்துட்டுப் போன்னு சொன்ன அன்னைக்கு வெயில் மண்டையைப் பொளந்துச்சே, அதையும் சொல்லிச் சிரி."

போன வருஷம் ஏப்ரலில் வெர்னாவுக்குக் கை அரித்தது. அவர் மீன்பிடிக்கப் போன நேரம் பார்த்து, பாட்டிலில் இருந்ததை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் சோள எண்ணெயை ஊற்றி வைத்தாள். அசல் எண்ணெயை ஒரு பழைய புட்டியில் அடைத்துத் தன் பின்பக்க ஜன்னலுக்கு வெளியே மாட்டினாள். அடுத்தவர் பொருளைக் கொட்டுகிற அளவுக்குக் கெட்டவள் இல்லையாம்! ரெண்டு நாளில் அவர் கண்டுபிடித்துக் கத்துவார், சந்தே சிரிக்கும் என்பது கணக்கு.

அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அந்த வருஷம் பார்த்து ஒரு சூறாவளியும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "பாத்தியா? ஒரு துளி கலங்குச்சா?" என்று அவர் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார். வெர்னா சிரிக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் விழித்தாள். நாள் ஆக ஆக, சொல்வது இன்னும் கஷ்டமானது.

இந்த வருஷம் செப்டம்பரில் எல்லார் தொட்டியும் காலி டப்பாவாகச் சத்தம் போட்டது. எங்கள் ஊரில் ஆறும் கிடையாது, குளமும் கிடையாது. வெள்ளையடித்த கூரையில் விழுகிற மழை, குழாய் வழியாக வீட்டுக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகிறது. குடிக்க, சமைக்க, வெர்னாவுக்குத் துவைக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். சூறாவளி வந்தால் அந்தக் குழாயைத் துணி திணித்து அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்று கடலை அள்ளிக் கூரைமேல் இறைத்து, தொட்டித் தண்ணீரையே உப்பாக்கிவிடும். வீணாக அடைத்தாலோ, நல்ல மழை போச்சு.

ஆப்பிரிக்கக் கரையில் கிளம்பிய ஒரு மேகக் கூட்டம், வெதுவெதுப்பான கடலின் சூட்டைக் குடித்துக் குடித்துக் கொழுத்துச் சுழல ஆரம்பித்திருக்கிறது என்று ரேடியோ சொன்னது. மேற்கே இருநூறு மைல் தள்ளிப் போய்விடுமாம், நமக்கு ஓரத்து மழை மட்டும்தானாம். ஓர்மண்ட் பாட்டிலைப் பார்த்தார்.

"குழாயைத் திறந்தே வைங்கப்பா. தொட்டி நெறையப் போவுது!"

வியாழக்கிழமை காலை, விரிப்பு உலர்த்தப் பின்பக்கம் போன வெர்னாவுக்குத் திக்கென்றது. ஜன்னல் புட்டி கலங்கிப் பாலாக நின்றது. காற்றே இல்லை. ஆனால் தெற்கே பாறைமேல் அலை நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு, தொம் தொம்மென்று விழுந்தது. பத்து மணிக்கு ரேடியோ சுருதி மாற்றியது. புயல் சூடான தண்ணீரில் தயங்கி நின்று, இரண்டு மடங்கு பலத்தோடு வடகிழக்கே திரும்பியிருக்கிறது, ஒருவேளை நம் பக்கம் வரலாம்.

முதல் வேலையாகத் தன் குழாயில் ரெண்டு துண்டைத் திணித்தாள். பிறகுதான் சந்தைப் பார்த்தாள். ஒன்பது கூரை, ஒன்பது குழாய், எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அத்தனை பேர் குடிக்கிற தண்ணீரும் அவளுடைய ஒரு குறும்பில் தொங்கியது. சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு புட்டியோடு தெருவுக்கு வந்தாள். ஓர்மண்ட் வாசலில் சந்துக்காரர்கள் பாட்டிலைப் பார்த்தபடி கூடியிருந்தார்கள்.

"ஓர்மண்ட், உன் எண்ணெய் என் வீட்டுல இருக்கு."

"எந்த எண்ணெய்?"

"சுறா எண்ணெய்தான். அங்க தொங்குறது சோள எண்ணெய். பதினேழு மாசமா."

"அப்போ போன வருஷம் புயல் வராதுன்னு சொன்னது சோள எண்ணெயா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, சந்தே வெடித்துச் சிரித்தது. வெர்னா இத்தனை மாசம் காத்திருந்த சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர்மண்ட் முகம் சிவந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடுதித் துண்டுகளை வாரி வாரிக் கொடுத்து எட்டு வீட்டுக் குழாயை அடைத்தாள். ஒன்பதாவதான ஓர்மண்ட் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

"என் பாட்டில் தெளிவா இருக்கு. போயிரு!"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அது வந்தது. கிழக்கிலிருந்து அடித்த காற்றில் கூரையில் பதித்த பலகைக் கற்கள் பெயர்ந்து பறந்தன, மரங்கள் வேரோடு சாய்ந்தன. நடுப்பகலில் சட்டென்று எல்லாம் நின்று வெயில் அடித்தது. சூறாவளியின் கண் எங்கள் தலைமேல் இருந்தது. அரைமணி நேரம், மிஞ்சினால் முக்கால். அதற்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் மூர்க்கமாக அடிக்கும்.

வெர்னா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓர்மண்ட் முற்றத்தில் நின்று, குழாய் வழியாக வழிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உப்பு" என்றார். "நீ வந்தது லேட்டு, வெர்னா."

"தண்ணி போனாப் போவுது. உன் வாசல் மேற்குப் பாத்தது, அடுத்த காத்து நேரா உள்ளே வரும். வாய்யா, எங்க வீட்டுக்கு!"

இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். வீடு கிடுகிடுக்க, இருவரும் அடுக்களை மேஜைக்கு அடியில் உட்கார்ந்தார்கள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடு, ஓர்மண்ட். மனசு ஆறட்டும்."

"திட்டத்தான் இருந்தேன். ஆனா புதன்கிழமையே அந்த அலையைப் பாத்துட்டேன். நாப்பது வருஷமா பாத்த அலை. வருதுன்னு மனசு சொல்லுச்சு. பாட்டில் தெளிவா இருக்கேன்னு என் கண்ணையே நான் நம்பல. நீ எண்ணெயைத்தானே மாத்துன? புத்தியை யார் மாத்துனா?"

வெர்னா அழுதுவிட்டாள். அவர் மேஜைக்கு அடியில் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஓர்மண்ட் வாளியோடு அவள் வாசலுக்கு வந்தார். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை. "உன் ஜன்னல்லயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். பார்த்துவிட்டு, அவள் போட்ட மீன் வடையைத் தின்றுவிட்டு, வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துப் போவார். தொட்டியை இறைத்துக் கழுவிவிட்டார், மழைதான் வரவேண்டும்.

டிசம்பரில் மழை கொட்டியது. ஜனவரியிலும் கொட்டியது. வாளி மட்டும் வந்துகொண்டே இருந்தது. வெர்னாவுக்குப் பழைய அரிப்பு தாங்கவில்லை. அவர் மீனுக்குப் போன நேரம் பார்த்து, அவர் தொட்டியில் டின்னை இறக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கற்கண்டுத் தண்ணீர்!

மறுநாள் காலை வாளியை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"உன் தொட்டி இன்னும் உப்பாவா இருக்கு?"

"வாயில வைக்க முடியல, வெர்னா."

அவள் வாளியை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தாள்.

"அப்போ நாளைக்கும் வா."