தாவூத் பாய் கம்பத்திலிருந்து விழவில்லை

செய்தி வந்தபோது நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு உரக்கடையின் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசியது தாவூத் பாயின் மகன் சலீம். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாரு. காலைல நெஞ்சு அடைக்குதுன்னாரு. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குள்ள நொழையறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. சீக்கிரம் வாங்க மாமா. அன்னிக்கு கம்பத்துல இருந்து வுழுந்தப்ப நீங்க தூக்கிகினு ஓடலன்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடியே போயிருப்பாருன்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுவுறாங்க" என்றான். கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமலேயே பஸ் ஏறிவிட்டேன்.

கபர்ஸ்தானில் வழிவிட்டு என்னை முன்னால் நிற்க வைத்தார்கள். அடுத்த வாரம் பாயோடு பழகிய நாமெல்லாம் கூடிய இரங்கல் கூட்டத்திலும் என்னைத்தான் முதலில் பேச அழைத்தீர்கள். மைக்கைப் பிடித்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கினேன். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்து ஒருவர் சோடா வாங்கிக் கொடுத்தார். அடைத்தது துக்கம் மட்டும் இல்லை. பாயைத் தெரிந்த அத்தனை பேரும் எட்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பொய். அவர் கம்பத்திலிருந்து விழவே இல்லை. அவருடைய முன்பல் இரண்டும் எப்படிப் போயின என்பதை நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மேடையில் வாயில் வராததை இங்கே எழுதுகிறேன்.

பாயைப் பிற்பாடு அறிந்தவர்களுக்கு முன்கதை தெரியாது. கேபிள் டிவி ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் அவர். ஆங்கிலம் பேச வராது. ஆனால் எந்த இயந்திரத்தின் கையேட்டையும் பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாகக் குத்திக் குத்திப் படித்துவிடுவார். நாங்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தோம். வெள்ளைக்காரர்கள் மெயில் அனுப்ப வாசல் வரை வரிசையில் நின்றார்கள். பக்கத்து லாட்ஜ்காரர்கள் தங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் கேட்டார்கள். "ஒரே ஒயரு போதும் குமாரு, ஆறு லாட்ஜும் அதுலயே ஓடும்" என்றார் பாய். ஓடியது.

செங்கம் ரோட்டின் மேல் தன்னைக் கேட்காமல் ஒரு கொடிக்கயிறு கூடக் கட்டக் கூடாது என்று நினைத்த கேபிள் முதலாளி ஒருவர் அப்போது இருந்தார். பெயர் சொல்லப் போவதில்லை. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டு எல்லோருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு போகிறார். அன்று அவருடைய ஆட்கள் முதலில் எங்கள் ஒயரை வெட்டினார்கள். பாய் கம்பத்தின் மேல் இருக்கும்போதே கீழிருந்து ஏணியை உருவிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த எங்கள் மெஷினைக் கடப்பாரையால் பிளந்தார்கள். ஆறு லாட்ஜுக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுத்தது அந்த ஒரு மெஷின்தான். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாக எடுத்து வைத்து அதன் தலையில் ஒரு பாறாங்கல்லையும் போட்டிருந்தார்கள். போலீஸில் சொன்னோம். "அதுல படம் தெரியுமா?" என்று ஏட்டு கேட்டார். தெரியாது என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

இரண்டாவது தடவை உடைத்த பிறகுதான் பாய் அந்த யோசனையைச் சொன்னார். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது, கம்ப்யூட்டரை இயக்கும் யூனிக்ஸ் மென்பொருளின் இலவச சிடி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் வேண்டாததையெல்லாம் கழித்துக் கழித்து, ஒரே ஒரு பிளாப்பியில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி விடலாம். மெஷின் பிளாப்பியிலிருந்து எழுந்து ஓட ஆரம்பித்ததும் அதை வெளியே எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். "அவன் பொட்டிய ஒடைக்கட்டும் குமாரு. நம்ம நெட்டு நம்ம ஜோப்புல இருக்கும்" என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். அடுத்த மூன்று மாதத்தில் அவர்கள் இரண்டு பெட்டிகளை உடைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்து, பையிலிருந்து பிளாப்பியை எடுத்துச் சொருகுவோம். லாட்ஜ்காரர் காபி குடித்து முடிப்பதற்குள் கனெக்‌ஷன் வந்துவிடும். அந்த மூன்று மாதம் நாங்கள் தரையில் நடக்கவில்லை.

பெட்டியை உடைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் நேராகக் கடைக்கே வந்தார்கள். உச்சிவெயில் நேரம், ஏழு பேர். மானிட்டர்கள் ரோட்டில் போய் விழுந்தன. என் முதுகில் இரும்புக் குழாயால் ஒருவன் வீசினான். பாய் ஸ்டெபிலைசரைத் தூக்கி ஒருவன் தலையில் போட்டார், அவன் காது கிழிந்து தொங்கியது. பிளாப்பியைத் தயாரிக்கும் மெஷினை மேசையோடு கவிழ்த்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் லாட்ஜில் இருந்த பெட்டியையும் நொறுக்கிவிட்டுப் போனார்கள். தயாரிக்கும் மெஷினை நிமிர்த்தி ஸ்விட்ச் போட்டோம். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, ஆனாலும் ஓடியது. பாய் அதைத் தடவிக் கொடுத்து, "என்னைப் போல கெட்டி உசுரு" என்றார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. லாட்ஜில் வைக்கக் கிடைத்த புதுப் பெட்டியில், ஒயரைச் சொருகும் நெட்வொர்க் கார்டு வேறு கம்பெனியுடையது. பழைய பிளாப்பிக்கு அதை அடையாளம் தெரியாது. கார்டின் பெயரைச் சேர்த்துப் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் பெயரைச் சேர்த்தேன். பாய் தயாரிக்கும் கட்டளையைக் கொடுத்தார். தவறு என்று மெஷின் எதுவும் சொல்லவில்லை. பிளாப்பியை பைக்கில் கொண்டுபோய்ச் சொருகினேன். நெட்வொர்க் கார்டே இல்லை என்றது புதுப்பெட்டி. திரும்ப வந்தேன், திரும்பச் செய்தோம். அதே பதில். வெள்ளிக்கிழமைக்குள் கனெக்‌ஷன் வராவிட்டால் கேபிள்காரரிடமே போய்விடுவோம் என்று ஆறு லாட்ஜ்காரர்களும் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். அவர்கள் போனால் செங்கம் ரோட்டில் எங்கள் கதை முடிந்தது. நான்கு நாட்களில் பத்துப் பிளாப்பிகள். முதுகில் குழாய் பட்ட இடம் கறுத்துக் கிடந்தது, குனிந்தால் உயிர் போனது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பத்தாவது பிளாப்பி ஓட ஆரம்பிக்கும்போது திரையின் முதல் வரியைப் படித்தேன். அது தயாரிக்கப்பட்ட தேதி அங்கே வரும். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அப்படியானால் பாய் புதிதாக எதையும் தயாரிக்கவில்லை, பழையதையே பிரதி எடுத்து என் கையில் கொடுத்து அலைய விடுகிறார். அன்று காலை கேபிள்காரர் ஆபீஸ் வாசலில் பாயின் சைக்கிளை நான் பார்த்திருந்தேன். சண்டை வேறு, பிழைப்பு வேறு என்று பாய் அங்கே ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு எப்போதும் போகிறவர், அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த நிமிஷம் அது எனக்கு ஞாபகம் வரவில்லை, வர நான் விடவும் இல்லை.

கடைக்குள் நுழைந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். "இது எந்தத் தேதியில செஞ்சது பாய்?" என்று பிளாப்பியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "இன்னிக்குத்தான்பா. ஏன்?" என்றார். மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தத் தேதியைச் சொன்னேன். "அது எப்படி?" என்று அவர் முகம் மாறியது. நடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். முதல் குத்து வாயில். இரண்டாவதும் வாயில். சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன்கள் தெறித்தன. வயிற்றில் முழங்காலால் இடித்தேன். கேபிள்காரனிடம் எவ்வளவு வாங்கிக்கொண்டு என்னை விற்றாய் என்று கத்தினேன். கேபிள் சுருளைத் தனியாளாகத் தோளில் தூக்குகிறவர் அவர், நினைத்திருந்தால் என்னை ஒரே கையால் சுவரோடு நிறுத்தியிருப்பார். கையை ஓங்கவில்லை. பின்னால் மேசையில் அந்த நசுங்கிய மெஷின் இருந்தது. ரத்தத்தோடு அவர் சொன்னது இதுதான்: "மெஷின் மேல வுழுந்துடப் போறேன்டா, இந்தப் பக்கம் வந்து அடி."

அப்படியும் நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியபோதுதான் நிறுத்தினேன். அவர் தரையில் தேடி இரண்டு பல்லையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார்.

அவருக்கு மூன்று தம்பிகள். மூவரும் மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர்கள். அண்ணன் என்றால் கொலைக்கும் போவார்கள். சாயங்காலம் இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள், கையில் குழாய்கள். நான் ஓடவில்லை. பெரியவன் கேட்டான்: "அண்ணே, கம்பத்துல இருந்து வுழுந்துட்டேன், குமாருதான் தூக்கிகினு போனான்னு சொல்லுது அண்ணன். எங்களுக்கு நம்பிக்கை இல்ல. அந்தக் கேபிள்காரன் ஆளுங்கதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே அவனை முடிச்சுடுறோம்."

ஒரு வார்த்தை. ஆமாம் என்றால் போதும், என் எதிரியும் ஒழிந்தான், என் குற்றமும் ஒழிந்தது. அந்த நினைப்பு எனக்கு வந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. பிறகு, "கம்பத்துல இருந்துதாம்பா. நான்தான் தூக்கினேன்" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

மறுநாள் காலை பாய் வந்தார். உதடு கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷின் முன் உட்கார்ந்தார். தேதியைக் காட்டச் சொல்லும் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது என்று வந்தது. "இங்க பாரு. நீ ஆறு வயசுப் பையனா இருந்த வருஷத்துல ஒக்காந்துகினு இருக்குது இது" என்றார். மூடியைக் கழற்றினார். மெஷினை அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்கிற சின்ன பேட்டரி, கவிழ்த்துத் தள்ளிய அன்றே கழன்று ஓரமாக விழுந்து கிடந்தது. ஒவ்வொரு தடவை கரண்ட் போனபோதும் கடிகாரம் இருபது வருஷம் பின்னால் போயிருக்கிறது. நான் சேர்த்த கார்டின் பெயர் எண்பதாம் வருஷத்துச் சங்கதி, மூன்று மாதத்துக்கு முன் செய்த பழைய சரக்கு அதைவிடப் புதியது என்று மெஷின் கணக்குப் போட்டிருக்கிறது. தேதி புதிதாக இருப்பதை மட்டும்தான் அது மறுபடி தயாரிக்கும், அதனால் பழையதையே எடுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறது, பத்துத் தடவையும். "நீ தேதி கேட்டியே, அதுலதான் புரிஞ்சுது" என்றார். பேசும்போது பல் போன இடத்தில் காற்று போனது.

பேட்டரியைப் பொருத்தி, கடிகாரத்தைத் திருத்தி, பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தயாரித்தார். பதினோராவது பிளாப்பியின் முதல் வரியில் அன்றைய தேதி வந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே ஆறு லாட்ஜுக்கும் கனெக்‌ஷன் போனது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வெட்கம் அப்படி ஒரு கெட்ட ஜந்து.

அன்று மாலை அவர்தான் என் வலது கையைப் பார்த்தார். புறங்கை முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது, விரலை மடக்க முடியவில்லை. "ஏறு" என்று என் பைக்கிலேயே வைத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் காயத்தைப் பிதுக்கிப் பார்த்தார். "மனுஷப் பல்லு பட்டிருக்குது. நாய்க்கடியை விட மோசம்யா இது. யார் பல்லு?" என்றார். "என்னுதுதான் சார்" என்றார் பாய். "கம்பத்துல இருந்து வுழும்போது இவரு கையால புடிச்சாரு." டாக்டர் அவர் வாயைப் பார்த்தார், என் முஷ்டியைப் பார்த்தார். "நல்லாப் புடிச்சாருய்யா" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக் கீறினார்.

வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்காத. நெசத்தைச் சொன்னா என் தம்பிங்க உன்னை வெட்டுவானுங்க. அவன் பேரைச் சொன்னா அவனை வெட்டுவானுங்க. எப்படிப் பாத்தாலும் மூணு பேரும் ஜெயிலுக்குப் போவானுங்க. அதான் கம்பம்."

எட்டு வருடம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ரம்ஜானுக்கு அழைப்பார், போவேன். "இவருக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க, இவரு இல்லன்னா..." என்று அவர் மனைவி ஆரம்பிக்கும்போது, பாய் என்னைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைப்பார். பிற்பாடாவது மன்னித்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. இனிமேல் கேட்க ஆளில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பிகள் மூவரும் இதைப் படிப்பார்கள். படிக்காவிட்டாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். காலை பத்து மணியிலிருந்து நான் கடையில்தான் இருப்பேன், ஷட்டரை இறக்க மாட்டேன். உங்கள் அண்ணன் எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.

பாய் குறிப்பெழுதிய கையேடுகளையெல்லாம் சலீமிடம் கொடுத்துவிட்டேன். அவருடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது, வலது கை நடுவிரல் மூட்டின் மேல் அரை அங்குலத் தழும்பு ஒன்றுதான். கையை விரித்து வைத்திருந்தால் அது தெரிவதில்லை. மடக்கினால்தான் வெளுத்துத் தெரிகிறது.