ஏழாம் எண் துண்டு

திருவொற்றியூர் பிளாஸ்டிக் கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்கு அப்போது ஒரே வேலை. மரவள்ளி மாவில் செய்த, மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக் சுலபமாகத் தீப்பிடிக்காமல் இருக்க, அதில் என்ன உப்பை எவ்வளவு கலப்பது என்று பார்ப்பது. சூடு பட்டதும் அது கருகி நுரைபோல உப்பி, உள்ளே நெருப்பை விடாமல் தடுக்க வேண்டும். பல மாதமாக உப்பவில்லை.

எரித்துப் பார்க்கும் முன் துண்டுகள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தால் எரியாமல் நின்றால் அது உப்பின் சாமர்த்தியம் ஆகாது. அந்த வாரம் ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பு பழுது. வடாம் போலவே வில்லையாக இருந்த பன்னிரண்டு துண்டுகளை ராயபுரம் வீட்டுக்கு எடுத்துவந்து, மொட்டைமாடியில் வடாம் காயும் வேட்டியின் ஓரத்திலேயே பரப்பிவிட்டு, ரேஷன் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், லீவு நாளாயிற்றே என்று அடுப்படியில் நின்றிருந்தார். வாணலியில் எண்ணெய் புகைந்தது.

"இன்னா வடாம் இது? பொரிய மாட்டேன்னுது. கருத்துகினு ஊதுது."

எட்டிப் பார்த்தேன். அழகாக உப்பியிருந்தது.

"போட்டு எத்தனை செகண்ட்ல ஊதிச்சு?" என்றேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

பிறகு எண்ணினேன். வாணலியில் ஐந்து, தட்டில் ஆறு. ஒவ்வொன்றின் பின்னாலும் எண் கீறியிருந்தேன். ஏழாம் எண் துண்டைக் காணோம். கணக்கு உதைக்கிறதே என்ற எரிச்சலில் அதையும் சத்தமாகவே கேட்டேன்.

"அத்த நான் மாடிலயே துன்ட்டேம்மா," என்றாள் ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள். அரைக்காய்ச்சல் வடாம் என்றால் அவளுக்கு உயிர்.

ஏழில்தான் உப்பை அதிகமாகக் கலந்திருந்தேன்.

ஆட்டோவில் அவள் வயிற்றிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மரவள்ளி மாவு, கிளிசரின், பாஸ்பேட் உப்பு என்று ஒப்பித்தேன். வயலுக்குப் போடும் உரத்தில் இருப்பதுதானே என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்.

"பயப்படாதம்மா, உம் பொண்ணு இனிமே லேசுல பத்திக்காது," என்றார் நர்ஸம்மா. நான் அழுதேன்.

வீட்டுக்காரர் அவரிடம், "இவ மொதல்ல இன்னா கேட்டா தெரியுமா?" என்று ஆரம்பித்தார். இன்றுவரை நிறுத்தவில்லை.

ஒன்றும் ஆகவில்லை, கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர். வாசலில் மகள், "உப்பு ஜாஸ்திம்மா. ஆனா நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு," என்றாள்.

காய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் கை பேனாவைத் தேடிப் பைக்குள் போனது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்து அவள் தலையைக் கோதினேன்.